ஏழாம் நம்பரின் மாலை

லம்துவான் புருஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவளுடைய சாமான்கள் மொத்தமும் ஒரே சைக்கிள் ரிக்‌ஷாவில் அடங்கிவிட்டன. ஒரு தகரப்பெட்டி, சுருட்டிய பாய், கண்ணாடி பதித்த சின்ன அலமாரி, பூத் தொடுக்கும் நீள ஊசிகளைச் செருகிவைத்த துணி. முப்பத்துமூன்று வயதில் கல்யாணம் செய்துகொள்பவளுக்கு இதற்கு மேல் சீர்வரிசை யார் தருவார்கள்? வீடு, விமானத் தளத்துக் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. மரக்கால்களின் மேல் நின்ற பழைய பலகை வீடு. சித்திரை வெயிலில் பலகைகள் காய்ந்து முறுகி, கால் வைத்த இடமெல்லாம் முனகின.

படுக்கையறை ஜன்னலைத் திறந்தாள். புல்வெளிக்கு அப்பால், வாலைத் தரையில் ஊன்றி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஒரு கிழட்டு டகோட்டா விமானம் நின்றது, ஏழாம் நம்பர். மூக்கு நேராக இந்த ஜன்னலைத்தான் பார்த்தது. மூக்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த குழாயில் மூன்று நிறத் துணியும், முந்தாநாள் அவளே தொடுத்த மல்லிகை மாலையும் தொங்கின.

"இவதானா அது?" என்றாள்.

"இவங்கதான்," என்று திருத்தினான் தவீ. பெட்டியை இறக்கிவைத்துவிட்டு ஜன்னலோரம் வந்து நின்று, கல்யாணப் பெண்ணைப் பார்க்கவேண்டியவன் விமானத்தைப் பார்த்துச் சிரித்தான்.

லம்துவானுக்குச் சுருக்கென்றது.

தப்பு அவளுடையதுதான். ஆற்றங்கரையில் பெரிய கோவில் வாசலில் அவள் பூக்கடை போட்டிருந்தாள். விமானப்படை உடுப்பில் ஒரு சார்ஜெண்ட் திங்கள்கிழமை தவறாமல் வருவான். இருப்பதிலேயே நல்ல மாலையாக எடுப்பான், பேரம் பேசமாட்டான், மாலையை வாழையிலையில் பொதிந்து கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போவான். இரண்டு வருஷம் அந்த மாலை போய்ச்சேரும் கழுத்தை நினைத்து லம்துவான் வெந்து செத்தாள். எந்தப் புண்ணியவதியோ, என்ன அழகோ! கடைசியில் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டாள்.

"வீட்டுக்காரம்மாவுக்கா?"

"எனக்கு ஏதுங்க வீட்டுக்காரம்மா? விமானத்துக்கு."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். படகு, பஸ், லாரி, விமானம், எதுவானாலும் அதன் மூக்கில் ஒரு தாய் குடியிருப்பாள் என்பதும், அவளுக்கு மே யானாங் என்று பெயர் என்பதும், மாலை போட்டால் காப்பாள், மறந்தால் முறைப்பாள் என்பதும் அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அவள் அப்பாவின் படகில்கூட ஒருத்தி இருந்தாள். ஆக, பொறாமைப்பட ஆளே இல்லை! மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டது.

அன்று சிரித்ததற்கு இப்போது ஜன்னலோரம் நின்று வருத்தப்பட்டாள்.

அன்றைக்கு மட்டுமல்ல. சாப்பிட உட்கார்ந்தால் பேச்சு அவளைப் பற்றித்தான். வேறெந்தப் புருஷனாவது தன் மனைவியிடம் மூத்தாளின் பெருமையை இவ்வளவு தைரியமாகப் பேசியிருந்தால் தட்டு பறந்திருக்கும்.

"பெரிய யுத்தத்துக்காகச் செஞ்சாங்க அவங்களை. சிப்பாய், அரிசி மூட்டை, அடிபட்டவங்க, எல்லாத்தையும் சுமந்தாங்க. இங்க வந்தப்புறம் இடது பக்கத்துல துப்பாக்கி வெச்சாங்க. மலைக்காட்டு மேல வட்டம் போட்டுச் சுட்டாங்க. அப்புறம் துப்பாக்கியை எடுத்துட்டு ஒலிபெருக்கி கட்டினாங்க. காட்டுல ஒளிஞ்சிருந்த பசங்களை, 'வீட்டுக்கு வாங்க, வீட்டுக்கு வாங்க'ன்னு ஒரு பொம்பளைக் குரல் மேலேர்ந்து கூப்பிடும். எத்தனை பேர் இறங்கி வந்தாங்க தெரியுமா! இப்ப பாரு, வயிறு நிறைய உப்புத்தூள். மேகத்துல கொட்டி மழை வரவழைக்கறாங்க. எந்த வேலை குடுத்தாலும் முகம் சுளிச்சதே இல்ல."

"நானும்தான் சுளிக்கல. குழம்பு எப்படி இருக்கு?"

"ம்? நல்லாருக்கு," என்றான், தொடாத கிண்ணத்தைப் பார்த்து.

ஒருநாள் மத்தியானம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு விமானத்தடிக்கே போனாள். அது அப்போதுதான் மேகத்தில் உப்பைக் கொட்டிவிட்டு இறங்கியிருந்தது. ஆட்கள் எல்லோரும் நிழலுக்குப் போய்விட்டார்கள். வெயிலில் காற்றே இல்லை. பெட்ரோலும் எண்ணெயும் வாடிய மல்லிகையும் கலந்த வாடை மட்டும் அடித்தது.

டிக்.

லம்துவான் நின்றாள்.

டிக்… டிக்.

யாரோ உள்ளேயிருந்து நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல் இருந்தது. சக்கரத்துக்குப் பின்னாலிருந்து தவீ தலையை நீட்டினான்.

"உள்ள யாரோ இருக்காங்க. தட்டறாங்க," என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து இன்ஜினின் விலாவைத் தட்டிக்கொடுத்தான். "யாருமில்ல. உலோகம் ஆறுது. அவ்வளவுதான்." அவளிடம் சொல்கிறானா, அதனிடம் சொல்கிறானா என்று தெரியவில்லை. அந்தத் தட்டிக்கொடுத்த கையை லம்துவான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை அவள் முதுகில் ஒருநாளும் அப்படிப் பட்டதில்லை.

பக்கத்து வீட்டு அம்போன் அக்கா வாய்க்குப் பூட்டில்லாதவள். அவள் புருஷன் பியாக், தவீயோடு வேலை செய்யும் மெக்கானிக். "என்னடி, உன் மூத்தா எப்படி இருக்கா?" என்று வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கேட்பாள். "தளத்துல புது ஜெட்டு வந்து நிக்குது. எல்லாரும் அதுக்குத்தான் மாலை போடறாங்க. உன் புருஷனையும் கூப்பிட்டாங்களாம், பதவி உயர்வோட. இந்தக் கிழவியை விட்டு வரமாட்டேன்னுட்டாராம். சின்னவீடு வெச்சிருக்கறவன்கூட சம்பளம் வர்றதை வேண்டாம்னு சொல்லமாட்டான்டி!"

பதவி உயர்வு சமாச்சாரம் லம்துவானுக்குத் தெரியவே தெரியாது. உள்ளே போய் அன்றைய மாலையைத் தொடுத்தாள். ஊசியை ஒவ்வொரு மொட்டிலும் கொஞ்சம் பலமாகவே குத்தினாள்.

வெயில் உச்சத்தில் இருந்தபோது அந்த விபத்து நடந்தது. உப்பு மூட்டை இறக்க வந்த கிரேன் லாரி பின்னால் நகர்ந்து, அதன் இரும்புக் கை ஏழாம் நம்பரின் மூக்கை நசுக்கிவிட்டது. தவீ வீட்டுக்கு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சட்டையெல்லாம் அழுக்கு, கண்ணெல்லாம் சிவப்பு.

"உனக்குத் தெரியாது. சத்தம் கேட்டுது. உலோகம் நசுங்கற சத்தம் இல்ல அது."

"போன வாரம் எனக்கு அனலாக் கொதிச்சுது," என்றாள் லம்துவான். "நீங்க வேலைக்குப் போனீங்க."

அவன் காதில் அது விழவே இல்லை.

ஊரெல்லாம் வயல் வெடித்துக் கிடந்தது. விமானம் உடனே பறந்தாகவேண்டும். தளத்தின் பின்புறப் புல்லுக்குள் அதே ஜாதி விமானம் ஒன்று கிடந்தது, மூன்றாம் நம்பர். மலையில் மோதி இறக்கை ஒடிந்தது, மூக்கு மட்டும் பழுதில்லை. அந்த மூக்கைக் கழற்றி ஏழில் மாட்டச் சொல்லி உத்தரவு வந்தது. மூன்றில் இருந்தவள் ஏழில் குடியேறுவாள். சரி, ஏழில் இருந்தவள்?

அன்று சாயங்காலம் தவீ மனைவியின் முன்னால் கைகட்டி உட்கார்ந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் அவளிடம் கேட்ட முதல் உதவி அது.

"ரெண்டு மாலை தொடு. ஒண்ணு புது மூக்குக்கு. இன்னொண்ணைக் கொண்டுபோய்ப் பழைய மூக்குல போடு. குப்பைக்குழி பக்கத்துல வெச்சிருக்கோம். ஊதுபத்தி எரிஞ்சு முடியறவரைக்கும் நில்லு. அம்மா மாலையில ஏறிக்குவாங்க. அப்புறம் வழியில எங்கயும் நிக்காம, கோவில் அரசமரத்துல கொண்டுபோய் மாட்டிடு. வீடு போன தெய்வமெல்லாம் அங்கதான் இருக்கு. மாலையைக் கீழ வைக்காத. மோந்து பாக்கவே பாக்காத."

"நான் பூக்காரி. எனக்கா சொல்லித் தர்றீங்க? சாமிப்பூவை மோந்து பார்ப்பேனா? நீங்களே போனா என்ன?"

"மத்தியானத்துக்குள்ள புது மூக்கை மாட்டணும்." கொஞ்சம் நிறுத்தி, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "அப்புறம்… அந்த முகத்தைப் பார்த்துட்டு, போங்கன்னு என் வாயால சொல்லமுடியாது."

லம்துவான் பூக்கூடையை இழுத்துவைத்துக்கொண்டாள். நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்துத் தடவியமாதிரி இருந்தது.

மறுநாள் காலை சொன்னதை எல்லாம் செய்தாள். நசுங்கிக் கிடந்த மூக்கில் மாலையைப் போட்டாள். மூன்று ஊதுபத்தி ஏற்றினாள். படையலாகச் சிவப்புச் சோடா பாட்டிலைத் திறந்து உறிஞ்சுகுழல் போட்டு வைத்தாள். புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. ஊதுபத்தி முடிகிற நேரத்தில் காற்றே இல்லாமல் அது வளைந்து மாலைப்பக்கம் திரும்பியது.

மாலையை எடுத்தாள். காலையில் தொடுத்ததைவிடக் கனமாக இருந்தது.

கோவிலுக்குப் போகும் வழி அவள் வீட்டைத் தாண்டித்தான் போகிறது. தாண்டியிருக்கவேண்டும். படியருகே கால் தானாக நின்றது. எத்தனை மாலை தொடுத்திருப்பாள் இந்தக் கைகளால்! அதில் ஒரு மாலையாவது, ஒரு மொட்டாவது, அவள் தலைக்கு வந்ததுண்டா? அவனாக வைத்துவிட்டதுண்டா? இதோ, இதுதான் கடைசி மாலை. இனி இவளுக்கு எதற்கு? போகிறவள்தானே.

வீட்டுக்குள் போனாள். கண்ணாடி முன்னால் நின்றாள். மாலையை முகத்தோடு அழுத்தி, நெஞ்சு நிறைய மோந்தாள். பிறகு கொண்டையில் சுற்றிக்கொண்டாள்.

அழகாகத்தான் இருந்தாள்.

கண்ணாடியில் அவள் பின்னால் பலகைச் சுவர் ஒருமுறை லேசாக அதிர்ந்தது. ஏதாவது ஜெட் கிளம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த மொட்டுகளில் அவசரமாக இன்னொரு மாலை தொடுத்து, அதைக் கொண்டுபோய் அரசமரத்தில் மாட்டிவிட்டு வந்தாள். யாருக்குத் தெரியப்போகிறது?

சாயங்காலம் தவீ வாசலில் வந்து நின்றான். செருப்பைக் கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். காற்றில் எதையோ தேடுகிறவன்போல் முகத்தைத் தூக்கினான். பிறகு அவளைப் பார்த்தான். அப்படி ஒரு பார்வையை அவன் கண்ணில் லம்துவான் பார்த்திருக்கிறாள், ஆனால் அது அவளை நோக்கி வந்ததில்லை.

"சாப்பிட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"என்னது, புதுசா மரியாதையெல்லாம்!" என்று சிரித்தாள். உள்ளுக்குள் பூரித்துப்போனாள். அன்று ராத்திரி அவன் ஈரத்துணி நனைத்து அவள் நெற்றியையும் கன்னத்தையும் துடைத்துவிட்டான். தூக்கம் சொக்கியது. பட்ட பாடெல்லாம் ஒரு மாலையில் தீர்ந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் விடியற்காலை பூச்சந்தைக்குப் போனாள். ஒரு கை மொட்டை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள்.

வாசனை இல்லை.

அடுத்த கூடை. அதுவும் இல்லை. ரோஜா, சம்பங்கி, கொய்யா, பக்கத்துக் கடையில் பொரிகிற வாழைப்பழம், எதிலும் ஒன்றுமே இல்லை. சளி பிடித்திருக்கும் என்று தேற்றிக்கொண்டாள். வீட்டுக்குத் திரும்பும்போதுதான் ஒரே ஒரு வாடை தெரிந்தது. பெட்ரோல். அது அவள் தோளிலிருந்தே வந்தது.

அந்த நாட்கள் சந்தோஷமான நாட்கள்தான், பொய் சொல்லக்கூடாது. தவீ நேரத்துக்கு வீட்டுக்கு வந்தான். விமானத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வெயில் படாமல் ஜன்னலுக்குப் பாய் கட்டினான். தினமும் சிவப்புச் சோடா வாங்கிவந்தான். இனிப்பே பிடிக்காத லம்துவான் அதை ஒரே மூச்சில் உறிஞ்சிக் குடித்தாள். குடிப்பது தான்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்போன் அக்கா ஒருநாள் வேலியோரம் வந்தவள் சட்டென்று பின்வாங்கினாள். "ஏண்டி, நகத்துக்கு என்ன ஆச்சு?"

லம்துவான் விரல்களைப் பார்த்தாள். நகக்கண் ஒவ்வொன்றிலும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. காலையில்தான் குளித்திருந்தாள்.

"அது சரி, கூப்பிட்டா ஏன் திரும்பமாட்டேங்கறே? நேத்து எத்தனை தடவை கூப்பிட்டேன். முகத்தை வானத்துக்குத் தூக்கிட்டு, வெயில்ல அசையாம நின்னியே!"

"நானா? எப்ப?"

அம்போன் வேலியை விட்டு விலகி வீட்டுக்குள் போய்விட்டாள். அவளுடைய வாய் அடைத்துப்போய் லம்துவான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று மத்தியானம் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. ஜன்னல் பாயின் இடுக்கில் வெயில் கோடுகோடாக விழுந்தது. வெளியே ஒரு காக்கைகூட இல்லை.

டிக்.

அறைக்குள்தான்.

டிக்… டிக்.

அவளுடைய விலா எலும்புக்குள்ளிருந்து.

பலகை முனகியது. தவீ வந்து தலைமாட்டில் உட்கார்ந்தான். அவன் மூச்சு அவள் காதில் பட்டது.

"ரொம்பச் சூடா இருக்கா? ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தான்.

சூடாகத்தான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தாள். அதற்குள் அவள் உதடு அசைந்தது. அவள் அசைக்கவில்லை.

"திறக்காத. அங்க நிக்கறவளைப் பார்க்கப் பிடிக்கல."

குரல் அவள் தொண்டையிலிருந்துதான் வந்தது. ஆனால் வெகு உயரத்திலிருந்து, ஒலிபெருக்கியில் கேட்பதுபோல் இருந்தது.

"அவ என் உடம்புல உக்காந்திருக்கா," என்றது குரல்.

"தெரியும்மா."

"நான் இவ உடம்புல உக்காந்திருக்கேன்."

 லம்துவான் மூடிய கண்களுக்குள் காத்திருந்தாள். இப்போது அலறுவான். என் பெண்டாட்டியை விடு என்பான். தோளைப் பிடித்து உலுக்கி எழுப்புவான். அவளுடைய இரண்டு வருஷ ஆசைக்கும், இத்தனை நாள் சமையலுக்கும், அந்த ஒரு வார்த்தை போதும்.

"சௌகரியமா இருக்கீங்களா?" என்று கேட்டான் அவன்.

அன்று லம்துவானுக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது. தன் நெற்றியைத் தடவுகிற கையைப் பார்த்துத் தானே வயிறெரிந்தாள். தன் கன்னத்தின் மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்தபின் போகவில்லை.

அவன் வேலைக்குப் போனதும் அலமாரியைத் திறந்தாள். அன்று கொண்டையிலிருந்து அவிழ்த்துவைத்த மாலை வாடவே இல்லை. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு, எங்கும் நிற்காமல், வெறுங்காலோடு அரசமரத்துக்கு ஓடினாள். மரத்தடி முழுக்க உடைந்த குட்டித் தெய்வ வீடுகள், கை போன பொம்மைகள், நிறம் வெளுத்த துணிகள். மாலையைத் தாழ்ந்த கிளையில் மாட்டிவிட்டு நெற்றி தரையில் படக் கும்பிட்டாள்.

"தப்பு பண்ணிட்டேன். மோந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க. எனக்கு அவர் வேணும். எனக்குன்னு வேற யாரும் இல்ல. நீங்க இங்கேயே இருந்துக்கோங்கம்மா."

இலைகள் சலசலத்தன. நெஞ்சிலிருந்து மூட்டை இறங்கினதுபோல் இருந்தது. திரும்பும் வழியில் சந்தையில் வாழைப்பழம் பொரிகிற வாசனை மூக்கில் ஏறியது. அங்கேயே நின்று அழுதாள். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, பொரித்த எண்ணெய் விரலில் சுட, வீட்டுக்கு ஓடினாள்.

தவீ முன்னதாகவே வந்திருந்தான். எழுந்து நின்று, ஆசையோடு வாசலைப் பார்த்தான். அவளைப் பார்த்ததும் அந்த முகத்தில் இருந்த விளக்கு அணைந்தது.

"நீயா," என்றான். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "அவங்க எங்க?"

"போயிட்டாங்க. கோவில்ல விட்டுட்டேன். நான் இருக்கேன். பாருங்க, நான்தான், உங்க லம்துவான்."

"ம்," என்றான். "நீ இருக்க."

சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து உட்கார்ந்தான். பெண்டாட்டி செத்தவன் அழுகிற மாதிரி அழுதான். உயிரோடு இருக்கிற பெண்டாட்டி கையில் பொட்டலத்தோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் கெட்டவன் இல்லை. திட்டவில்லை, அடிக்கவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொடுத்தான். சோறு போட்டால் சாப்பிட்டான், போடாவிட்டால் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, வேறொருத்தியின் மூக்கோடு நிற்கும் ஏழாம் நம்பரையும் பார்க்கமுடியாமல், வீட்டுக்குள்ளும் பார்க்கமுடியாமல், நடுவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். லம்துவான் மீன் குழம்பு வைத்தாள். புதுத் துணி உடுத்தினாள். கொண்டையில் மல்லிகை வைத்தாள். அறை முழுக்க மணத்தது. அவன் திரும்பவே இல்லை.

"என்னை ஒரு தடவை பாருங்களேன்."

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்," என்றான், பார்க்காமலே.

ஒருநாள் அவன் தூக்கத்தில் சிரித்தான். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். யாரும் பதில் சொல்லாததால் விழித்துக்கொண்டான். பக்கத்தில் படுத்திருந்தவளைப் பார்த்து, மரியாதையாக, கொஞ்சம் தள்ளிப் படுத்தான்.

அந்தத் தள்ளிப் படுத்தலைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில் அரசமரத்தடிக்குப் போனாள். கிளையில் இருந்த மற்ற மாலைகளெல்லாம் கறுத்து உதிர்ந்திருந்தன. ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று தொங்கியது. 

"சாயங்காலம் மட்டும்," என்றாள். "அவர் வேலையிலேர்ந்து வர்ற நேரம் மட்டும். அவர் சிரிக்கறதைப் பக்கத்துல இருந்து பார்த்துக்கறேன். எனக்கு அது போதும்."

மரம் அசையவில்லை.

டிக்.

காற்றில், தலைக்கு மேலே, வெகு உயரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"போன தடவை திருட்டுத்தனமாக் கூட்டிட்டுப் போன. விருந்தாளியா இருந்தேன். இந்தத் தடவை நீயா கூப்பிடணும்."

லம்துவான் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"வீட்டுக்கு வாங்க."

மாலையை எடுத்து மோந்தாள்.

சாயங்காலம் தவீ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். முகத்தைத் தூக்கினான். ஓடிவந்து காலடியில் உட்கார்ந்தான்.

லம்துவான் அதைப் பார்த்தாள், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாள். நீளமான, இருண்ட தகரக் குகை ஒன்றின் கடைசியில், வால்பக்கம், உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். தரை சாய்ந்திருந்தது. எங்கோ மேலே, முன்னால், இரண்டு சின்னக் கண்ணாடிகள் வழியாக வெளிச்சம் வந்தது. அந்தக் கண்ணாடிகளுக்கு நடுவே யாரோ ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கொண்டையில் மல்லிகை மாலை இருந்தது. அதன் வாசனை வால்பக்கம்வரை வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தவீ சிரித்தான். பக்கத்தில் இல்லை.

"என்னங்க!" என்று கத்தினாள். குகையில் எதிரொலிகூட எழவில்லை. "என்னங்க, நான் இங்க இருக்கேன்! பின்னால இருக்கேன்!"

எழுந்து ஓடினாள். எவ்வளவு ஓடினாலும் முன்பக்கம் கிட்டே வரவில்லை. சுவரை அறைந்தாள். கையால், பிறகு நகத்தால்.

டிக்.

தவீயின் முகம் மாறியது. காதைக் கொண்டுவந்து அவள் விலாவில் வைத்துக் கேட்டான். அவ்வளவு நெருக்கமாக அவன் அவளிடம் வந்ததே இல்லை.

டிக். டிக். டிக். டிக்.

"இன்னிக்கு வெயில்ல ரொம்ப நேரம் நின்னீங்களா?" என்று கேட்டான். அந்தக் கையால், அவள் என்றைக்கும் ஆசைப்பட்ட அதே கையால், அவள் முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுத்தான்.

"ஒண்ணுமில்லம்மா. உலோகம் ஆறுது. அவ்வளவுதான்."